பார்க்காமல் விட்ட பிற்பாதி

சினிமாவைப் பற்றி எழுதுவதற்கு எனக்குப் பெரிய தகுதி எதுவும் கிடையாது. கிட்டத்தட்ட முப்பது ஆண்டு காலப் பத்திரிகை வாழ்வில் நான் எழுதிய திரை விமர்சனங்களை இரண்டு கைவிரல்களுக்குள் எண்ணிவிடலாம். அவற்றுள் ஒன்று மட்டும் இன்றும் என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது. விமர்சனம் என்று கூட அதைச் சொல்ல முடியாது. ஒரு கட்டுரையின் நடுவே வந்து போன ஒற்றை வாக்கியம். ஆனால் அந்த வாக்கியத்தை எழுதும் உரிமை எனக்கு இருக்கவில்லை என்பது எனக்கு மட்டும் தெரிந்த சங்கதி. இல்லை, இன்னொருவருக்கும் தெரிந்திருந்தது. அதைப் பின்னர் சொல்கிறேன்.

1986ஆம் ஆண்டு, ஆவணி மாத விடுமுறை. எனக்கு வயது பதினைந்து. கோட்டைக்கு அருகில் இருந்த றீகல் தியேட்டரில் ஆங்கிலப் படம் பார்ப்பதென்பது அந்த நாள்களில் எங்களுக்கு மூத்தவர்கள் சொல்லும் பழங்கதையாக மாறிக்கொண்டிருந்தது. இருட்டிய பின் பட்டணத்துக்குப் போவதை எந்த வீட்டிலும் அனுமதிக்கமாட்டார்கள். ஆகவே சினிமா எங்கள் ஊரைத் தேடி வந்தது. ஒரு தொலைக்காட்சிப் பெட்டி, ஒரு டெக், மின்சாரத்தை நம்ப முடியாதபடியால் ஒரு ஹொண்டா ஜெனரேற்றர், நாலைந்து வீடியோ கொப்பிகள். இவ்வளவையும் காரில் ஏற்றிக்கொண்டு வந்து ஒருவர் இறக்குவார். யாராவது ஒரு வீட்டு முற்றத்தில் பாயும் சாக்கும் விரிக்கப்படும். பெரியவர்களுக்கு வாங்கு. தலைக்கு இரண்டு ரூபா. முதலில் பெண்களுக்கும் முதியவர்களுக்குமாக ஒரு தமிழ்ப் படம். அது முடிந்து அவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போன பிறகுதான் எங்களுடைய இரவு தொடங்கும்.

அன்றைய இரவில் இரண்டு படங்கள். 1978இல் வெளியான 'கேம் ஒஃப் டெத்', அதன் தொடர்ச்சி என்ற பெயரில் 1981இல் வந்த 'கேம் ஒஃப் டெத் 2'.

புரூஸ் லீயை நாங்கள் எவ்வளவு நேசித்தோம் என்பதை இன்றைய பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்துவது கடினம். உடைந்த மண்வெட்டிப் பிடியை இரண்டாக அரிந்து, பழைய சைக்கிள் செயினால் இணைத்து நுஞ்சாக்கு செய்து, அதைச் சுழற்றித் தன் மண்டையையே உடைத்துக்கொள்ளாத பையன் எங்கள் ஒழுங்கையில் இல்லை. ஆறடிக்கும் குறைவான, ஒல்லியான, எங்களைப் போலவே வெள்ளைக்காரன் அல்லாத ஒரு மனிதன் தன்னைவிடப் பருத்தவர்களை அடித்து விழுத்தினான். அதற்கு மேல் எங்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

அவர் இறந்துவிட்டார் என்பது ஊருக்குத் தெரியும். 1973 ஜூலை 20ஆம் திகதி, ஹொங்கொங்கில், 32ஆவது வயதில். ஆனால் அதை நம்பாத ஒரு கட்சியும் எங்களிடையே இருந்தது. 'கேம் ஒஃப் டெத்' அந்தக் கட்சிக்குப் பெரும் பலம் சேர்த்த படம். அதற்கான காரணத்தைச் சொல்லவேண்டும்.

1972இல் புரூஸ் லீ தானே இயக்கி நடிக்கத் தொடங்கிய படம் அது. ஒரு கோபுரம், அதன் ஒவ்வொரு தளத்திலும் ஒவ்வொரு காவலன், ஒவ்வொருவனுக்கும் வெவ்வேறு சண்டை முறை. கதாநாயகன் ஒவ்வொரு தளமாக வென்று மேலே ஏறவேண்டும். எந்த ஒரு முறைக்குள்ளும் அடைபட்டுக் கிடப்பவன் தோற்பான் என்பது அவர் அதில் சொல்ல வந்த விடயம். மேல் மூன்று தளங்களின் சண்டைகளைப் படம்பிடித்து முடித்த நிலையில் ஹொலிவூட் நிறுவனம் 'என்டர் த டிராகன்' படத்துக்கு அழைக்க, இதை இடையில் நிறுத்திவிட்டுப் போனார். திரும்பி வந்து முடிப்பதற்குள் மரணம் முந்திக்கொண்டது. பிறகு, 'என்டர் த டிராகன்' படத்தின் இயக்குநர் ரொபர்ட் குளோஸை வைத்தே மிச்சத்தை ஒப்பேற்றினார்கள். முழுக் கதையும் புதிது. குண்டர் கூட்டம் ஒன்றினால் முகத்தில் சுடப்படும் நடிகன், தான் இறந்துவிட்டதாக உலகை நம்பவைத்து, முகத்தை மாற்றிக்கொண்டு பழிவாங்குகிறான். அந்தப் பொய்ச் சாவைக் காட்டுவதற்காக, புரூஸ் லீயின் உண்மையான மரணச் சடங்கின் காட்சிகளை, திறந்த பெட்டிக்குள் கிடந்த அவருடைய முகத்தை, படத்தில் சேர்த்தார்கள்.

நூறு நிமிடப் படத்தில் அவர் அந்தப் படத்துக்கென்றே நடித்த சண்டைக் காட்சிகள் பத்து நிமிடங்களைச் சற்றே தாண்டும். மற்ற இடங்களிலெல்லாம் கறுப்புக் கண்ணாடி, ஒட்டுத்தாடி, மோட்டார் சைக்கிள் தலைக்கவசம், இருட்டு. ஓரிடத்தில் கண்ணாடியில் புரூஸ் லீயின் முகப்படத்தை ஒட்டி, அதன் கீழே வேறொருவரின் உடம்பு தெரியும்படி எடுத்திருக்கிறார்கள். அந்தக் காட்சி வந்தபோது முற்றத்தில் ஒரு கணம் அமைதி, பிறகு பெரும் சிரிப்பு. எங்கள் ஊரில் கராட்டி பழகிய அண்ணர் ஒருவர் இருந்தார். அவர் சிரிக்கவில்லை. "முகத்தைப் பாக்காதையுங்கோ, தோளைப் பாருங்கோ. இவன்ரை தோள் வேறை" என்று ஒவ்வொரு காட்சியிலும் சொல்லிக்கொண்டே இருந்தார். சண்டைப் படம் பார்க்கும் சனத்தை முகத்தை மறைத்து ஏமாற்ற இயலாது. நடையையும் நிற்கும் நிலையையும் கால் தூக்கும் வேகத்தையும் மனப்பாடம் செய்தவர்கள் அவர்கள்.

கடைசியில், மஞ்சள் உடையுடன் உண்மையான புரூஸ் லீ தோன்றி, ஏழடி உயரக் கூடைப்பந்து வீரர் கரீம் அப்துல் ஜபாருடன் மோதியபோது எல்லாம் மன்னிக்கப்பட்டது. மேலதிகமாக, நம்பாத கட்சியினர் துள்ளிக் குதித்தார்கள். "படத்திலேயே காட்டிப்போட்டாங்கள் எல்லே? செத்தமாதிரி நடிச்சுப்போட்டு எங்கேயோ இருக்கிறான்." சவப்பெட்டியே அவர்களுக்குச் சாட்சியாகிவிட்டது!

இந்த நம்பிக்கையோடுதான், இரவு ஒரு மணிக்குப் பின்னர், இரண்டாவது பாகத்தின் முன்னால் அமர்ந்தோம்.

இது தொடர்ச்சியே அல்ல என்று இப்போது தெரியும். சீனப் பெயரின் பொருள் 'மரணக் கோபுரம்' என்பதுதான். பில்லி லோ என்ற பாத்திரப் பெயரைத் தவிர முதல் படத்துக்கும் இதற்கும் கதையில் உறவு இல்லை. ஆங்கிலச் சந்தைக்காக '2' என்று எண் போட்டார்கள். 'என்டர் த டிராகன்' படத்தில் பயன்படாமல் ஒதுக்கப்பட்ட துண்டுகளை எடுத்து, புதிய உரையாடலைப் பொருத்தி, புரூஸ் லீ நடந்து திரிவதுபோல முன்பகுதியை ஒட்டினார்கள். அவர் ஒரு பக்கம் பார்த்துப் பேசுவார். எதிரில் இருப்பவர் வேறொரு வெளிச்சத்தில் பதில் சொல்வார். எங்களுக்கு ஆங்கிலம் விளங்காது என்பதால், வங்கியில் வேலை செய்த ஒருவர் உரத்த குரலில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் கதை பிடிபடவில்லை. "ஏதோ சொல்லுறான், சம்பந்தமில்லை" என்பதே பல இடங்களில் அவருடைய மொழிபெயர்ப்பு.

படம் பாதியைத் தொடுமுன்னர் அந்தக் காட்சி வந்தது. நண்பன் ஒருவனின் இறுதிச் சடங்கு. ஹெலிகொப்டர் ஒன்று வந்து இரும்புக் கொக்கியால் சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு பறக்கிறது. பில்லி லோ அதைப் பற்றிப் பிடித்துத் தொங்கி மேலே போகிறான். அங்கிருந்து விழுந்து இறந்துபோகிறான். அவ்வளவுதான்.

நாங்கள் காத்திருந்தோம். எழும்புவான் என்று காத்திருந்தோம். முதல் படத்தில் அப்படித்தானே நடந்தது? எழும்பவில்லை. அவனுடைய தம்பி பொபி லோ என்ற பெயரில் ஒரு புதிய முகம் திரைக்கு வந்தது. "முகத்தை மாத்திக்கொண்டு வந்திருக்கிறான்" என்று ஒருவன் கடைசி நம்பிக்கையை வெளியிட்டான். கராட்டி அண்ணர் தலையை ஆட்டினார். அத்துடன் முற்றம் வெடித்தது. ஏமாற்றிவிட்டார்கள், காசைத் திருப்பித் தா, செத்தவனை வைத்துப் பிழைக்கிறார்கள் என்று ஆளாளுக்குச் சத்தம் போட்டார்கள். யாரோ திரையை நோக்கிக் குரும்பட்டி எறிந்தார்கள். டெக் கொண்டு வந்தவர் பெட்டிக்கு ஏதும் நேர்ந்துவிடும் என்று பயந்தாரோ, மண்ணெண்ணெய் மிச்சம் என்று நினைத்தாரோ, ஜெனரேற்றரை நிறுத்திவிட்டார். முதலில் எழுந்து சாக்கை உதறியவர்களில் நானும் ஒருவன்.

ஒருவன் மட்டும் பாயை விட்டு எழும்பவில்லை. எங்கள் வகுப்பில் படித்தவன், அடுத்த ஒழுங்கைக்காரன். அவனுடைய தமையன் இரண்டு வருடங்களுக்கு முன்னர் இயக்கத்துக்குப் போயிருந்தான். "தம்பியாரின்ரை கதையையும் பாத்திட்டுப் போவமே" என்றான். இருட்டில் அவன் சொன்னதை யாரும் பொருட்படுத்தவில்லை. "அண்ணனே செத்திட்டான், இனித் தம்பியிலை என்ன கிடக்குது?" என்று ஒரு குரல் பதில் சொன்னது. அந்தக் குரல் என்னுடையதுதான்.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1998இல், கொழும்பில் ஒரு பத்திரிகையின் வாரமலரில் உதவி ஆசிரியனாக இருந்தேன். புரூஸ் லீயின் 25ஆவது நினைவு தினத்துக்கு ஒரு பக்கம் தேவைப்பட்டது. ஆசிரியபீடத்தில் அவரைப் பற்றி அதிகம் பிதற்றுபவன் நான் என்பதால் பொறுப்பு என்னிடம் வந்தது. ஒரே இரவில் எழுதி முடித்தேன். அந்தக் கட்டுரையில் இரண்டாம் பாகத்தைக் குறித்து, "அதைப் பார்க்காமல் இருப்பதே அம்மாபெரும் கலைஞனுக்கு நாம் செய்யும் மரியாதை" என்றொரு வாக்கியத்தை வைத்தேன். எழுதும்போது அது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பத்திரிகைக்காரனுக்குத் தன் வாக்கியம் ஒன்று அளவுக்கு மீறிப் பிடித்துவிட்டால், அதை இரண்டு தடவை சந்தேகப்படவேண்டும் என்று பின்னாளில் வந்த பயிலுநர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். அன்று எனக்கு அதைச் சொல்ல ஆள் இருக்கவில்லை.

இரண்டு வாரங்களில் பதுளையிலிருந்து ஒரு தபாலட்டை வந்தது. கையெழுத்து குண்டுகுண்டாக, அழகாக இருந்தது. வணக்கம், நலம் விசாரிப்பு எல்லாம் முறையாக எழுதியிருந்த அந்த வாசகர், விடயத்தை ஒரே கேள்வியில் முடித்திருந்தார். "ஐயா, தாங்கள் அப்படத்தின் பிற்பாதியைப் பார்த்திருக்கிறீர்களா?"

அவ்வளவே. பார்த்திருந்தால் பதில் எழுதியிருப்பேன். வாசகர் கடிதப் பகுதிக்கு அதை அனுப்பியிருக்கவேண்டும், அதையும் செய்யவில்லை. மேசை லாச்சிக்குள் போட்டேன். அலுவலகம் இடம் மாறியபோது பழைய காகிதங்களுடன் அதுவும் போயிற்று. வாசகர் கடிதங்களை மறைக்கும் ஆசிரியர்களைப் பற்றிப் பிற்காலத்தில் மேடைகளில் நான் காரமாகப் பேசியதுண்டு. அப்போதெல்லாம் இந்தத் தபாலட்டை நினைவுக்கு வராமல் இருந்ததில்லை.

சென்ற மாதம் மழைக்கால இரவொன்றில், என் மகன் இணையத்தில் எதையோ தேடிக்கொண்டிருந்தபோது அந்தப் படம் கண்ணில் பட்டது. போடச் சொன்னேன். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு, தொடக்கத்திலிருந்து முடிவு வரை பார்த்தேன்.

முற்பாதி நாங்கள் அன்று சொன்னதைவிட மோசம். பெருந்திரைக்கென எடுக்கப்பட்ட துண்டுகளின் ஒட்டுவேலை இப்போதைய துல்லியமான திரையில் இன்னும் அப்பட்டமாகத் தெரிகிறது. ஆனால் பில்லி லோ விழுந்து இறந்த பிறகு, படம் மூச்சு விடத் தொடங்குகிறது.

அங்கேயும் அபத்தங்களுக்குக் குறைவில்லை. சிங்கங்கள் வளர்த்து, பச்சை இறைச்சி தின்று, மானின் இரத்தம் குடிக்கும் ஒரு வெள்ளைக்காரன் வருகிறான். சிங்கத் தோலுக்குள் புகுந்துகொண்ட ஒருவர் பாய்ந்து வந்து சண்டை பிடிக்கிறார். என் மகன் கதிரையிலிருந்து விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன். ஆனால் சண்டைகள் வேறு ரகம். இயக்கியவர் ங் சீ யுன். 1978இல் ஜாக்கி சானை நட்சத்திரமாக்கிய இரண்டு படங்களைத் தயாரித்தவர். சண்டை அமைப்பு அவ்விரு படங்களையும் இயக்கிய யுவென் வூ பிங். 1999இல் 'மேட்ரிக்ஸ்' படத்தின் சண்டைகளால் உலகம் அறிந்த அதே மனிதர். (அவரே 2016இல் 'குரோச்சிங் டைகர், ஹிடன் டிராகன்' படத்தின் இரண்டாம் பாகத்தை இயக்கி, அதுவும் இரசிகர்களின் வசவை வாங்கியது. தொடர்ச்சிகளுக்கும் அவருக்கும் ஏதோ கிரகப் பொருத்தம் சரியில்லை.) கடைசி மோதலில் எதிராளியாக வருபவர் ஹுவாங் ஜங் லீ. கால்வீச்சில் அந்தக் காலத்தில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. அந்தச் சண்டையில் ஒட்டுவேலை இல்லை, மறைப்பு இல்லை, கறுப்புக் கண்ணாடி இல்லை. இரண்டு கொரியர்கள், நல்ல வெளிச்சத்தில், முழு உடம்பும் தெரிய மோதுகிறார்கள்.

ஒன்றைக் கவனித்தேன். புரூஸ் லீ கற்பனை செய்த கோபுரத்தில் வீரன் மேலே ஏறவேண்டும். இந்தப் படத்தின் கோபுரமோ நிலத்துக்குக் கீழே போகிறது. தம்பி இறங்கிச் செல்கிறான்.

தம்பியாக நடித்தவரைப் பற்றி மகன் கேட்டான். "ஆர் அப்பா இவர்? நல்லாய்ச் செய்யிறார்." அப்போதுதான் நான் தேடி வாசித்தேன். கிம் தை சுங். கொரியாவைச் சேர்ந்த தைக்வொண்டோ வீரர். முதல் படத்தில் கறுப்புக் கண்ணாடிக்கும் ஒட்டுத்தாடிக்கும் பின்னால் மறைந்திருந்தவர்களில் முக்கியமானவர் அவரேதான். கரணம் அடிக்கும் இடங்களில் யுவென் பியாவோ. மற்றப்படி பெரும்பாலும் இவர். இவருக்கு வைத்த திரைப்பெயர் டங் லுங். அது 'வே ஒஃப் த டிராகன்' படத்தில் புரூஸ் லீ ஏற்ற பாத்திரத்தின் பெயர். தன் பெயரில் நடிக்கக்கூட அவரை விடவில்லை. 1986இல் வெளியான ஓர் அமெரிக்கப் படத்தில் அவருக்குக் கிடைத்த வேடம் புரூஸ் லீயின் ஆவி. பிறகு திரையுலகை விட்டு விலகினார். 2011இல் காலமானார்.

எங்கள் முற்றத்தில் கராட்டி அண்ணர் "இவன்ரை தோள் வேறை" என்று சொன்னாரே, அந்தத் தோளுக்குச் சொந்தக்காரர் அவர். முதல் படம் முழுவதும் முகத்தை மறைத்து நடித்தவர், இரண்டாவது படத்திலும் முற்பாதியில் மறைந்திருந்து, அந்த மற்ற மனிதன் இறந்த பிறகுதான் முதல் தடவையாகத் தன் சொந்த முகத்துடன் வெளிச்சத்துக்கு வருகிறார். சரியாக அந்த நிமிடத்தில்தான் நாங்கள் சாக்கை உதறிக்கொண்டு எழுந்தோம்.

எங்கள் கோபம் பிழையென்று இப்போதும் நான் சொல்லமாட்டேன். இறந்தவரின் பிணத்தைக் காட்டிக் காசு பார்த்தார்கள். அதைக் கண்டு சனம் சத்தம் போட்டது நியாயம். ஹொங்கொங்கில் அந்தக் காலத்தில் புரூஸ் லை, புரூஸ் லே, டிராகன் லீ என்று எத்தனையோ பேருக்குப் பெயர் மாற்றிச் சந்தைக்கு விட்டார்கள். ஆனால் அந்த முதலாளிகள் யாருக்கும் எங்களுடைய குரும்பட்டி படவில்லை. அது பட்டது கிம் தை சுங்கின் முகத்தில். பன்னிரண்டு வருடங்களின் பின் என்னுடைய வாக்கியம் பட்டதும் அதே முகத்தில்தான். அப்போது அவர் உயிரோடு இருந்தார். தமிழ் வாசித்திருக்கமாட்டார் என்பது எனக்கு ஓர் ஆறுதலா என்று யோசித்துப் பார்த்தேன். இல்லை.

மகன் தன் தீர்ப்பைச் சொல்லிவிட்டுப் படுக்கப் போனான். "முதல் பாதியை வெட்டி எறிஞ்சிட்டு, வேறை பேர் வைச்சிருந்தால் இது நல்ல படம் அப்பா." அவனுக்குப் புரூஸ் லீ ஒரு சுவரொட்டி மட்டுமே. யாரையும் தேடிக்கொண்டு அவன் அந்தப் படத்துக்குள் போகவில்லை.

பதுளை வாசகருக்கு இப்போது என்ன வயது இருக்கும் என்று தெரியவில்லை. இந்தப் பக்கம் அவருடைய கண்ணில் பட்டால், இருபத்தேழு ஆண்டுகள் பிந்திய என் பதில் இதுதான்: ஐயா, அன்று பார்த்திருக்கவில்லை. இப்போது பார்த்துவிட்டேன். தாங்கள் கேட்டது சரி.

பாயை விட்டு எழும்பாதிருந்த நண்பன் இப்போது ஸ்காபரோவில் இருக்கிறான். அவனுடைய தமையன் திரும்பி வரவில்லை. அவர்களுடைய தாயார் கடைசி வரை அவனுடைய சேட்டுகளைத் தோய்த்து மடித்து வைத்துக்கொண்டிருந்தார் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். 1995 இடப்பெயர்வில் அந்தச் சேட்டுகளும் போயின. மூத்தவனுடைய சாயல் இவனிடம் உண்டு என்று உறவினர்கள் சொல்வார்கள். இவன் அதற்கு எதுவும் சொல்வதில்லை.

மறுநாள் காலை அவனுக்குத் தொலைபேசி எடுத்தேன். அங்கே இரவு. அந்த முற்றத்தையும் ஜெனரேற்றரையும் நினைவூட்டி, படத்தை முழுதாகப் பார்த்துவிட்டேன் என்றேன். அவன் இத்தனை வருடத்தில் அதைத் தேடிப் பார்க்கவில்லையாம். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"தம்பியார் என்ன செய்யிறான் எண்டால்..." என்று நான் தொடங்கினேன்.

"சொல்லாதை" என்றான். "நாளைக்கு எனக்கு லீவு. நானே பாக்கிறன்."